மூளை வளர எந்தக் கொழுப்பு வேண்டும்?

நம் மூளையிலுள்ள நீர் முழுவதையும் நீக்கிவிட்டால், எஞ்சும் பொருளில் ஏறத்தாழப் பாதி கொழுப்பாக இருக்கும். இடுப்பிலும் வயிற்றிலும் சேரும் சேமிப்புக் கொழுப்பன்று இது. மூளை செல்களின் சவ்வுகளைக் கட்டியிருக்கும் கொழுப்பு.

கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசைகளாக அடுங்கிச் செல்லின் சவ்வு உருவாகிறது. நரம்பு செல் வளரும்போது நீண்ட கிளைகளை விடுகிறது. கிளை நீள நீளச் சவ்வும் பெருக வேண்டுமல்லவா? செல்லினுள் தோன்றும் நுண்ணிய கொழுப்புப் பைகள் கிளையின் நுனிக்குச் சென்று அங்குள்ள சவ்வுடன் ஒன்றிவிடுகின்றன. இதற்குச் சின்டாக்சின் 3 என்னும் புரதம் உதவுகிறது. அராக்கிடானிக் அமிலமும் டி.எச்.ஏ. என்னும் கொழுப்பு அமிலமும் இப்புரதத்தைத் தூண்டுவதை 2006-இல் டாரியோஸ், டாவ்லெட்டோவ் என்ற ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

டி.எச்.ஏ. மூலக்கூறில் 22 கார்பன் அணுக்களும் 6 இரட்டைப் பிணைப்புகளும் உள்ளன. இப்பிணைப்புகளால் அது நெருக்கமாக அடுங்குவதில்லை. எனவே சவ்வு இளக்கமாக இருக்கிறது. அதிலுள்ள புரதங்கள் எளிதில் இயங்குகின்றன.

இவ்விரு அமிலங்களுக்கும் மூலப்பொருள்கள் வேறு வேறு. லினோலியிக் அமிலத்திலிருந்து அராக்கிடானிக் அமிலமும், ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்திலிருந்து டி.எச்.ஏ.யும் உண்டாகின்றன. மூலப்பொருள்கள் இரண்டையும் நம் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாது, உணவிலிருந்தே பெறவேண்டும்.

இனி நம் அடுப்பங்கரைக்கு வருவோம். மயிலம், திண்டிவனம் வட்டாரத்தில் மணிலா முக்கியப் பயிர். 1940-இல் வெளியான புகழ்பெற்ற டி.எம்.வி. 2 மணிலா இரகத்தின் பெயரிலேயே திண்டிவனம் இருக்கிறது. மணிலா எண்ணெயில் லினோலியிக் அமிலம் தாராளமாக உண்டு. ஆல்ஃபா லினோலெனிக் அமிலமோ மிகமிகக் குறைவு. நல்லெண்ணெயும் அப்படியே. ஆகவே இவ்வெண்ணெய்களை மட்டும் நம்பினால் ஒரு பக்கம் நிறையும், மறுபக்கம் குறையும்.

குறையை நிரப்ப வழி உண்டு. மரக்காணம் போன்ற கடலோர ஊர்களிலிருந்து வரும் மத்தி, காணாங்கெளுத்தி மீன்களில் டி.எச்.ஏ. நேரடியாகவே கிடைக்கிறது. மீன் உண்ணாதவர்களுக்கு ஆளிவிதை, கடுகெண்ணெய், சோயா எண்ணெய் ஆகியவை ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தைத் தரும். ஆனால் அதில் சிறு பங்கையே உடல் டி.எச்.ஏ.யாக மாற்றுகிறது.

கருவின் கடைசி 3 மாதங்களிலிருந்து ஏறத்தாழ 2 வயது வரை மூளையில் டி.எச்.ஏ. விரைந்து சேர்கிறது. கருவிலிருக்கும்போது தாயின் இரத்தத்திலிருந்தும், பிறந்தபின் தாய்ப்பாலிலிருந்தும் குழந்தை அதைப் பெறுகிறது. தாய் உண்பதைப் பொறுத்துப் பாலில் அதன் அளவு மாறும். மீனெண்ணெய் மாத்திரை விழுங்கினால் குழந்தை அறிவாளியாகும் என்பதற்குத் தெளிவான சான்று கிடையாது. கருவுற்ற பெண்ணின் தட்டில் இருவகைக் கொழுப்பும் இடம்பெறச் செய்வதே நாம் செய்யக்கூடியது.