சாம்பல் ஏன் கறுத்தது?

சாம்பல் என்றால் வெளுப்புதானே, நிலக்கரியை வாயுவாக்கும் ஆலையின் சாம்பல் மட்டும் ஏன் கறுப்பாக இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அது முழுசாக வாயுவாகாமல் தப்பி வந்த கரியின் நிறம்.

அனல்மின் நிலையக் கொதிகலனில் ஆக்சிஜனுக்குப் பஞ்சமில்லை. வாயுவாக்கும் கலனிலோ அதை அளந்துதான் விடுவார்கள். மிச்ச வேலை நீராவியுடையது. கரியும் நீராவியும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆக வேண்டும். அந்த வினையோ சூட்டை விழுங்குவது, மெதுவானது. போதாததற்கு நம் நாட்டு நிலக்கரியில் 35 முதல் 45 சதவீதம் வரை சாம்பல். அம்மா இரவில் தணலைச் சாம்பலால் மூடிவைப்பார்; விடியலில் கிளறினால் உள்ளே செக்கச்செவேலென்று இருக்கும். கரித்துண்டையும் அதன் சாம்பலே அப்படிப் போர்த்திக்கொள்கிறது. சூட்டை ஏற்றலாமே என்றால், திருச்சி பெல் (BHEL) நிறுவனம் சோதித்த, ஊதும் வாயுவில் கரி மிதந்து புரளும் பாய்மப் படுகைக் கலன்களில் சாம்பல் இளகிக் கட்டிதட்டிவிடும். அதனால் ஏறக்குறைய 1000 டிகிரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் எனக்குப் பிடித்த விசித்திரம் ஒன்று உண்டு. கரியைத் தின்று தீர்க்க முடியாத நீராவி சும்மா போவதில்லை. அரித்து அரித்து உள்ளெல்லாம் நுண்துளை போட்டுவிடுகிறது. ஒரு கிராம் கரிக்குள் சில நூறு சதுர மீட்டர் பரப்பு கிடைக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரியைச் சுமார் 900 டிகிரி நீராவியில் வாட்டி, குடிநீர் வடிகட்டிக்கான ஆக்டிவேட்டட் கார்பன் செய்கிறார்களே, அதே வேலைதான். அங்கே காசு கொடுத்துச் செய்கிறோம். இங்கே இலவசமாகக் கிடைப்பதைத் தண்ணீர் விட்டுக் கரைத்துச் சாம்பல் குளத்தில் கொட்டிவிட்டு, இடம் போதவில்லை என்று அங்கலாய்க்கிறோம்.

நிலக்கரிச் சாம்பலைக் கான்கிரீட்டிலும் கலப்பதுண்டு; அங்கே கரியின் அந்தத் துளைகளே வில்லன். பனி உறையும் நாடுகளில் கான்கிரீட் வெடிக்காமலிருக்க அதில் குட்டிக் காற்றுக்குமிழிகளை உண்டாக்கும் ரசாயனம் சேர்ப்பார்கள். சாம்பலில் கரி இருந்தால் அந்த ரசாயனத்தை உறிஞ்சிக் குடித்துவிடும். எனவே, கான்கிரீட்டில் கலக்கும் நிலக்கரிச் சாம்பலைச் சுட்டால் எடை 6 சதவீதத்துக்கு மேல் குறையக்கூடாது என்பது அமெரிக்கத் தரவிதி. இந்தச் சோதனையையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. வாயுவாக்கும் கலனில் ஆக்சிஜன் கிடைக்காமல் கிடந்த இரும்பு, சுடும்போது காற்றை வாங்கி எடை கூடும். கரி இழந்த எடையில் ஒரு பங்கை அது மறைத்துவிடும்.

ஃபுளோரிடாவின் போல்க் மின்நிலையத்தில் 1996-இல் வாயுவாக்கம் தொடங்கியபோது, கசடில் எதிர்பார்த்ததைவிட அதிகக் கரி வந்தது, வாங்க ஆளில்லை. (அங்குள்ளது சாம்பலை உருக்கியே வெளியேற்றும் வேறு வகைக் கலன்; அந்த உருகிய சாம்பல்தான் கசடு.) பிறகு கசடைப் பிரித்தார்கள். கண்ணாடிபோல் உறைந்த பருமணிகளில் கரி குறைவு, அது விலைபோனது. கரி மண்டிய நுண்தூளை நிலக்கரிக் குழம்போடு கலந்து மறுபடி கலனுக்குள்ளேயே அனுப்பினார்கள்.