வெயிலில் கொண்டாடிய நள்ளிரவு

பாஸ்கா திருவிழிப்பு என்றதும் இன்றைய தமிழ்க் கத்தோலிக்கருக்கு முதலில் நினைவுக்கு வருவது இருட்டுதான். கோயில் விளக்குகள் அணைந்திருக்கும். முற்றத்தில் புது நெருப்பு எரியும். அதில் ஏற்றிய பாஸ்கா திரிக்குப் பின்னால், காகிதக் குவளை செருகிய மெழுகுதிரிகளோடு மக்கள் உள்ளே நுழைவார்கள். திருத்தூதர் காலம் தொட்டே இது இப்படித்தான் நடந்துவருகிறது என்று நம்புகிறவர்கள் பலர். ஆனால் 1950 வரை இதே சடங்கு சனிக்கிழமை காலையில், பளீரென்ற வெளிச்சத்தில் நடந்தது. எண்பதைக் கடந்தவர்களில் சிலருக்கு இன்னும் அந்தக் காலை நினைவிருக்கலாம்.

தொடக்கத்தில் அது இரவுக்கே உரியதாக இருந்தது. கி.பி. 200ஐ ஒட்டி வட ஆப்பிரிக்காவில் எழுதிய தெர்த்துல்லியன், வேற்றுச் சமயத்தவனை மணக்கும் கிறிஸ்தவப் பெண்ணின் சங்கடங்களை அடுக்கும்போது, பாஸ்கா இரவு முழுவதும் மனைவி வெளியே தங்குவதை எந்தக் கணவன் பொறுப்பான் என்று கேட்கிறார். அப்படியானால் பெண்கள் உட்பட எல்லோருமே விடிய விடிய விழித்திருந்தார்கள். விவிலியத்தை நீளநீளமாக வாசித்தார்கள். பல நாள் நோன்பிருந்து, பயிற்சி பெற்று வந்தவர்களுக்கு அந்த இரவில்தான் ஞானஸ்நானம். 387 ஏப்ரல் 24 இரவு மிலான் நகரில் ஆயர் அம்புரோசு கையால் அப்படி ஞானஸ்நானம் பெற்றவர்தான் அகுஸ்தீன். அந்த ஞானஸ்நானத் தொட்டி இருந்த எண்கோணக் கட்டடத்தின் அடித்தளத்தை மிலான் பேராலயத்துக்குக் கீழே இன்றும் பார்க்கலாம். பிற்பாடு ஆயரானதும், பாஸ்கா திருவிழிப்பை எல்லாத் திருவிழிப்புகளுக்கும் தாய் என்று சொன்னவரும் அவரே.

அந்த இரவு பகலானது ஒரே நாளில் அல்ல. பெரியவர்கள் ஞானஸ்நானம் பெறுவது அருகி, குழந்தைகளுக்குக் கொடுப்பதே வழக்கமானபோது, இரவெல்லாம் காத்திருக்கும் காரணம் பாதி போய்விட்டது. பூசை முடிந்தால்தான் நோன்பு முடியும் என்பதால், பூசையே கொஞ்சம் கொஞ்சமாக முன்னுக்கு நகர்ந்தது. மாலையிலிருந்து பிற்பகலுக்கும், பிற்பகலிலிருந்து நண்பகலுக்கும் வந்தது. 1566இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதர் நண்பகலுக்குப் பிந்திய பூசைகளைத் தடை செய்ததும் காலை நேரமே சட்டமாயிற்று. 1642இல் திருத்தந்தை எட்டாம் உர்பன் கடன் திருநாள்களைக் குறைத்தபோது பெரிய வியாழன், வெள்ளி, சனி மூன்றும் வேலை நாள்களாகிவிட்டன. மக்கள் வயலுக்கும் கடைக்கும் போனார்கள். கோயிலில் எஞ்சியவர்கள் சாமியாரும் பூசை உதவிச் சிறுவரும் கன்னியரும் ஒருசில முதியோரும்தான்.

அந்தக் காலைச் சடங்கைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஒரு கோலின் நுனியில் மூன்று கிளைத் திரி. கோயிலுக்குள் நடந்துவரும்போது மூன்று இடங்களில் நின்று ஒவ்வொன்றாக ஏற்றுவார்கள். பிறகு, இருளை வென்ற இந்த இரவைப் போற்றி ஒரு நெடும்பாடல், ஜன்னல் வழியே வெயில் விழுந்துகொண்டிருக்கும்போதே லத்தீனில் ஒலிக்கும். அடுத்துப் பழைய ஏற்பாட்டிலிருந்து பன்னிரண்டு வாசகங்கள், அவையும் லத்தீனில். மக்களுக்குப் புரியாது என்பது அப்போது புதிய சங்கதியும் அல்ல. பத்தாம் நூற்றாண்டு முதல் தென் இத்தாலியில் இந்தப் பாடலை நீண்ட தோல் சுருளில் எழுதி, இடையிடையே ஓவியங்களைத் தலைகீழாக வரைந்து வைத்தார்கள். திருத்தொண்டர் பாடப் பாடச் சுருள் மேடைக்கு முன்னால் தொங்கும்போது, எதிரே நிற்பவர் கண்ணுக்குப் படம் நேராகத் தெரியும். மொழி எட்டாதவர்களுக்குக் கண்ணால் சொல்லும் அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்களை மெச்சத்தான் வேண்டும்.

இன்னொரு முரணும் இருந்தது. பழைய திருச்சபைச் சட்டப்படி தவக்கால நோன்பு பெரிய சனி நண்பகலோடு முடிந்துவிடும். இயேசு கல்லறையில் கிடக்கும் நாளில், அதுவும் நடுப்பகலில், உயிர்ப்பின் மணி அடித்து ஓய்ந்து வீடுகளில் உலை கொதிக்கும்.

1951இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் சோதனை முறையாக இந்தச் சடங்கை இரவுக்குத் திருப்பினார். 1955 நவம்பரில் வந்த ஆணை, 1956 முதல் புனித வாரம் முழுவதையும் மாற்றியது. நோன்பும் சனி நள்ளிரவு வரை நீண்டது. பூசை நள்ளிரவை ஒட்டித் தொடங்கும்படி நேரம் குறித்தார்கள். கிளைத் திரி போய், பாஸ்கா திரியே முன்னால் வந்தது. மக்கள் கையிலும் மெழுகுதிரி வந்தது. நாம் ஆதிகால வழக்கமென்று எண்ணும் அந்தக் காட்சியும், எல்லோரும் எழுந்து நின்று சொல்லும் ஞானஸ்நான வாக்குறுதிகளும் வழிபாட்டில் இடம்பெற்று இன்னும் எண்பது ஆண்டுகூட ஆகவில்லை. அந்த வாக்குறுதிகளை மக்கள் தங்கள் மொழியிலேயே சொல்லலாம் என்று அனுமதி கிடைத்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் மற்றதெல்லாமும் தமிழுக்கு வர இது முன்னோடி.

பெற்றது பெரிது, சந்தேகமில்லை. வெறிச்சோடிக் கிடந்த சடங்குக்கு இன்று கோயில் கொள்ளாத கூட்டம். பெரியவர்களின் திருமுழுக்கும் அந்த இரவுக்கே திரும்பிவிட்டது. பிரான்சில் 2024 பாஸ்காவுக்கு 7,135 பெரியவர்கள் திருமுழுக்குப் பெற்றார்கள். 2025இல் 10,384 பேர்.

குறைந்தவையும் உண்டு. அன்று, நாட்டுக்கு நாடு சலுகைகள் இருந்தாலும், தவக்காலம் முழுவதும் நோன்பு. 1966 முதல் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆக இரண்டே நாள். அன்று நற்கருணைக்கு முந்திய நள்ளிரவு தொட்டு எதுவும் உண்ணக்கூடாது. இன்று ஒரு மணி நேரம் போதும். பன்னிரண்டு வாசகங்கள் 1951இல் நான்காயின. 1970 திருப்பலி நூல் பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு தருகிறது. நம் பங்குகள் பலவற்றில் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். புரியாத மொழியில் பன்னிரண்டையும் பொறுமையாக வாசித்தவர்கள் அவர்கள். புரியும் மொழியில் ஏழைக் கேட்க நமக்கு நேரமில்லை. மிச்சம் பிடித்த நேரத்தில் திரை விலகுகிறது, புகை கிளம்புகிறது, உயிர்த்த ஆண்டவர் சொரூபம் மோட்டாரில் மேலெழுகிறது. சிறுவர்களுக்குக் கொண்டாட்டம்தான், ஆனால் விடுதலைப் பயண வாசகத்தில் கடல் பிளப்பதைக் கேட்டு வியக்க அவர்களுக்கு வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இதைவிடக் கவலை தருவது கடிகாரம். இருள் சூழ்ந்தபின் தொடங்கி, ஞாயிறு விடியுமுன் முடிக்க வேண்டும் என்பதே விதி. அதைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளச் சொல்லி 1988இல் வத்திக்கான் சுற்றறிக்கையே அனுப்பியது. ஆனால் 2025 ஏப்ரல் 19 அன்று புனித பேதுரு பேராலயத்திலேயே திருவிழிப்பு மாலை 7.30க்குத் தொடங்கியது. ரோமில் சூரியன் மறைய இன்னும் இருபது நிமிடங்களுக்கு மேல் இருந்தது. நம் நகரங்களிலும் பதினொரு மணி பத்தாகி, பத்து எட்டாகி வருகிறது. காரணங்கள் நியாயமானவைதான். முதியோர் வீடு திரும்ப வேண்டும், இரவில் பேருந்து கிடையாது, பாதுகாப்பும் பார்க்க வேண்டும். முன்பு அந்த இரவு பகலானபோதும் எல்லாமே நியாயமான காரணங்கள்தான்.

பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பாஸ்காவுக்கு நேரம் போதவில்லை என்று பேச்சு வந்தால், மறையுரையைச் சுருக்குங்கள், நன்றியுரையையும் பொன்னாடையையும் விட்டுவிடுங்கள். ஏழு வாசகங்களையும் இருட்டையும் விட்டுவையுங்கள்.