வெராவை யாரும் கவனிப்பதில்லை

பனி கொட்டும் இரவு. சாலையோரம் கதவு திறந்தபடி ஒரு கார் நிற்கிறது. ஓட்டி வந்தவரைக் காணோம். உள்ளே ஒரு குழந்தை மட்டும். வழி தவறி அந்தப் பக்கம் வந்த பெண்மணி, குழந்தையைத் தன் பழைய லேண்ட் ரோவரில் ஏற்றிக்கொண்டு, அருகிலிருக்கும் மாளிகைக்குப் போகிறார். அது அவருடைய அப்பா வளர்ந்த வீடு. உள்ளே விருந்து அமர்க்களப்படுகிறது. கசங்கிய உடையும் பருத்த உடம்புமாக வந்து நிற்பவர், வெரா ஸ்டான்ஹோப் என்ற போலீஸ் அதிகாரி. ஆன் கிளீவ்ஸ் 2020-இல் எழுதிய 'த டார்க்கஸ்ட் ஈவ்னிங்' இப்படித் தொடங்குகிறது.

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய நார்தம்பர்லேண்ட்தான் வெராவின் ஊர். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. காலில் தீராத தோல் அரிப்பு. குற்ற நாவல்களில் பெண் துப்பறிவாளருக்கு அழகோ காதலோ சேர்த்துவிடும் வழக்கம் உண்டு. கிளீவ்ஸ் அந்தச் சலுகையைத் தரவே இல்லை. அவரை நான் கொண்டாட முதல் காரணம் இதுதான்.

இப்படி ஒரு பெண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. வெராவின் பலமே அதுதான். சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்தபடி, எதிரே இருப்பவரை "கண்ணு" என்கிற பாணியில் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பார். வழக்கறிஞர் முன்னால் வாயே திறக்காதவர்கள்கூட அவரிடம் கொட்டிவிடுவார்கள். கிளீவ்ஸ் ஒரு காலத்தில் நன்னடத்தை அலுவலராக வேலை பார்த்தவர். குற்றவாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் பக்கத்தில் இருந்து பார்த்த அனுபவம் இந்த உரையாடல்களில் தெரிகிறது.

வெராவின் அப்பா ஹெக்டர், அரிய பறவைகளின் முட்டைகளைத் திருடிச் சேர்த்தவர். பிரிட்டனில் 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்த குற்றம் இது. மகளையும் கூடவே மலைக்கு இழுத்துப் போனார். அவர் விட்டுப்போன வீட்டில்தான் வெரா இன்றும் தனியாக இருக்கிறார். சட்டத்தை மீறியவரின் மகள் போலீஸ் ஆனாள் என்பதைக் கிளீவ்ஸ் பெரிய பழிவாங்கலாக ஊதிப் பெருக்கவில்லை. அந்தக் கசப்பு நாவலுக்கு நாவல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசிகிறது.

தொலைக்காட்சியில் 2011 முதல் 2025 வரை பிரெண்டா பிளெதின் நடித்த வெராவைப் பலருக்குத் தெரியும். நல்ல நடிப்பு. ஆனால் நாவலின் வெரா இன்னும் முரடு, இன்னும் தனிமை. ஒரு கொலை நடந்தால் அவருக்குள் உற்சாகம் பிறக்கிறது; அதற்காக வெட்கமும் படுகிறார்.

1999-இல் வந்த முதல் நாவல் 'த க்ரோ ட்ராப்'பிலிருந்து தொடங்குங்கள். கூண்டில் உயிருள்ள காகத்தை வைத்து மற்ற காகங்களைப் பிடிக்கும் பொறியின் பெயர் அது. வெரா உடனே வந்துவிடுவதில்லை; ஒரு இறுதிச் சடங்கின் நடுவேதான் தாமதமாக நுழைகிறார். அதுவரை பொறுமையாகப் படியுங்கள்.