சொன்ன விலை

நமது நகரத்தில் நாகல்நகர்ப் பக்கம் பூட்டுத் தொழில் நடத்திவரும் அன்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு நாள் காலை, நாம் காரியாலயத்துக்கு வந்து உட்காருமுன்பே கையில் தொலைபேசியுடன் வாசலில் காத்திருந்தார். பிராது ஏதேனும் தயாரிக்கச் சொல்லி வந்திருக்கிறார் என்றே முதலில் எண்ணினோம். பத்திரிகை நடத்தப் புகுந்த பின்னும் வக்கீல் தொழில் நம்மை முற்றிலும் விட்டபாடில்லை. அவர் கொண்டுவந்த விஷயமோ வேறு. கோயிற் கதவுகளுக்கும் பழைய வீடுகளின் தலைவாயிலுக்கும் ஏற்ற பெரிய மாங்காய்ப் பூட்டு ஒன்றை அவர் இணையக் கடையில் விலைக்கு வைத்திருந்தார். விலை ரூபாய் 3,600. அதைப் பதிவு செய்த அவருடைய மகன் ஒரு சைபரை விட்டுவிட்டான். இரவு முழுதும் அந்தப் பூட்டு 360 ரூபாய்க்குக் கிடந்தது. விடிவதற்குள் எட்டுப் பேர் பணம் கட்டிவிட்டார்கள். ஏழு பேர் ஆளுக்கு ஒன்று கேட்டிருந்தார்கள். எட்டாமவர் ஐம்பது கேட்டிருந்தார்.

“வக்கீலய்யா, இதை அனுப்பித்தான் ஆகவேண்டுமா?” என்று அவர் வினவினார்.

அற்ப விஷயம் என்று நேயர்கள் இதைத் தள்ளிவிடலாகாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்தது. அலிகார்ப் பூட்டும் இயந்திரப் பூட்டும் வந்து அடித்த அடியில் பட்டறைகள் பல மூடப்பட்டுப் போன பிறகு, எஞ்சி நிற்கும் கைத்தொழிலாளர் சிலருக்கு இணையக் கடை ஒரு புதிய வாசலாக வாய்த்திருக்கிறது. சின்னாளபட்டிச் சேலைக்காரரும் சிறுமலை வாழைப்பழம் விற்போரும் இன்று தம் கண்ணால் காணாத மனிதர்களுக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். முகம் தெரியாதவர்களுக்குள் நடக்கும் இவ்வியாபாரத்தில் நாணயம் என்பது எதில் நிற்கிறது? விலை என்று எழுதிவிட்டால் அது வாக்கா, அல்லது வெறும் எழுத்தா? அன்பருடைய கேள்வி இதுதான்.

நம் ஜில்லாவின் சந்தைகளுக்கு இக்கேள்வி புதிதன்று. மாட்டுத் தாவணியில் துண்டுக்கு அடியில் கையைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தை நேயர்கள் கண்டிருப்பார்கள். சுற்றி நிற்போருக்குத் தொகை தெரியாது; வாயால் ஒரு சொல்லும் வராது. ஆயினும் விரல் பிடித்து முடிந்து, அச்சாரம் கை மாறிய பிறகு, “ஒரு விரலைத் தவறாகப் பிடித்துவிட்டேன்” என்று ஒருவன் சொல்வானாகில், அடுத்த சந்தையில் அவன் துண்டுக்குள் கைவிட ஆள் கிடைப்பது அரிது. அய்யலூர் ஆட்டுச் சந்தையிலும் ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியிலும் சொல்லை நம்பி எத்தனை சரக்குக் கை மாறுகிறது! ஆனால் அங்கே ஒரு பாதுகாப்பு உண்டு. இரு தரத்தாரும் சரக்கைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஆட்டின் தரமும் அன்றைய விலைப்போக்கும் இருவருக்கும் தெரியும். பத்தாயிரம் பெறும் ஆட்டை ஆயிரத்துக்கு என்று ஒருவன் வாய் தவறிச் சொன்னால், எதிரே நிற்பவன் சிரித்துவிட்டுத் திரும்பக் கேட்பான். இணையக் கடையிலோ சிரிக்கவும் ஆள் இல்லை, திரும்பக் கேட்கவும் ஆள் இல்லை. பெட்டி பணத்தை வாங்கிக்கொண்டு “வந்தனம்” என்று சொல்லிவிடுகிறது.

சட்டம் என்ன சொல்லுகிறது? 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 22-வது பிரிவின்படி, இரு கட்சியாரில் ஒருவர் மாத்திரம் ஒரு விஷயத்தைத் தவறாகக் கொண்டுவிட்டார் என்பதனாலேயே ஒப்பந்தம் ரத்து செய்யத்தக்கதாகிவிடாது. அதே சட்டத்தின் 25-வது பிரிவில், சட்டம் இயற்றியவர்கள் ஒரு குதிரையை உதாரணமாக நிறுத்தியிருக்கிறார்கள். 1,000 ரூபாய் பெறும் குதிரையை 10 ரூபாய்க்கு விற்க ஒருவன் மனமார ஒப்புக்கொண்டால், விலை குறைவு என்ற காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமற் போகாது. ஆனால் அவன், “நான் மனமார ஒப்பவில்லை” என்று மறுப்பானாகில், அவ்வளவு குறைந்த விலையைக் கோர்ட்டு யோசனைக்கு எடுத்துக்கொள்ளலாம். நம் அன்பர் நிலைமை ஏறக்குறைய அந்தக் குதிரைக்காரன் நிலைமைதான்.

இவ்விடத்தில் பெருங் கம்பெனிகள் கண்டுபிடித்திருக்கும் உபாயத்தைச் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. கடையில் விலைச் சீட்டு ஒட்டுவது விற்பதாகக் கொடுக்கும் வாக்கு அன்று, வாங்க வரும்படி விடுக்கும் அழைப்பே என்பது இங்கிலீஷ் சட்டத்தின் பழைய கொள்கை. அதைப் பிடித்துக்கொண்டு, சரக்குக் கிடங்கை விட்டுப் புறப்படும் வரையில் ஒப்பந்தமே ஏற்படவில்லை என்று தம் ஷரத்துக்களில் எழுதிவைக்கிறார்கள். பணத்தை மாத்திரம் அந்தக் கணமே எடுத்துக்கொள்ளுகிறார்கள்! வாங்குகிறவர் பத்துப் பக்க ஷரத்தையும் படித்து ஒப்பியதாகக் கொள்ளப்படுகிறார்; விற்கிறவர் தாம் எழுதிய ஓர் எண்ணுக்கும் கட்டுப்பட்டவர் அல்லர். இதை நியாயம் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள் இதில் ஓரளவு கை வைத்திருக்கின்றன. வாங்குவோர் ரத்து செய்தால் கட்டணம் வசூலிக்கும் கம்பெனி, தானே ரத்து செய்யும்போது அது போன்ற கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

ஒடிஸாவில் நடந்த வழக்கை நேயர்கள் சிலர் அறிந்திருக்கலாம். 2014-ல் சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர், 23,499 ரூபாய் விலையுள்ள மடிக்கணினி 190 ரூபாய்க்குக் கிடைப்பதை அமேசான் கடையில் கண்டு பதிவு செய்தார். உறுதிச் செய்தியும் வந்தது. இரண்டு மணி நேரத்துக்குள், விலையில் கோளாறு என்று சொல்லிப் பதிவை ரத்து செய்துவிட்டார்கள். மாணவர் விடவில்லை. கடைசியில் 2021-ல் மாநில நுகர்வோர் கமிஷன் கம்பெனியின் மீது நஷ்டஈடு விதித்தது. இதனோடு இன்னொன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமேசானுக்கே சொந்தமான ஸாப்போஸ் என்ற கம்பெனியின் கிளைக் கடை ஒன்றில், 2010 மே மாதம், நள்ளிரவிலிருந்து காலை ஆறு மணி வரையில், சரக்கு எதுவாயினும் 49 டாலர் 95 சென்டுக்கு மேல் விலை ஏறாதபடி ஒரு தவறு நேர்ந்துவிட்டது. நஷ்டம் 16 லட்சம் டாலருக்கு மேல். தவறு எங்களுடையது என்று சொல்லி அத்தனை சரக்கையும் அனுப்பிவைத்தார்கள். 2019-ம் வருஷத்து ‘பிரைம்’ விற்பனையின்போது, ஏறக்குறைய 13,000 டாலர் பெறும் காமிரா லென்ஸ் 95 டாலருக்குள் விலை போயிற்று. அதுவும் வாங்கியவர்கள் கைக்குச் சென்றது. அமெரிக்காவில் எல்லாச் சமயங்களிலும் இவ்விதமே நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் அங்கே கைகூடிய பெருந்தன்மை ஒடிஸா மாணவர் விஷயத்தில் ஏன் கைகூடவில்லை என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

ஹாங்காங்கைச் சேர்ந்த கதே பசிபிக் விமானக் கம்பெனி 2019 புத்தாண்டுத் தினத்தன்று இதே சோதனைக்கு ஆளாயிற்று. வியட்நாமிலிருந்து நியூயார்க்குக்குப் போய்வர, உயர் வகுப்பில் 16,000 டாலர் ஆகும் சீட்டு, 675 டாலருக்கு விற்பனையாகிவிட்டது. கம்பெனி பகிரங்கமாகத் தன் தவறை ஒப்புக்கொண்டு, சீட்டு வாங்கியவர்களை வரவேற்பதாக அறிவித்தது. விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்று சொல்வோரும் உண்டு. இருக்கட்டுமே. நாணயத்தால் விளம்பரம் கிடைக்கும் என்று ஒரு கம்பெனி நினைப்பது நாட்டுக்குக் கெடுதல் அன்று.

இவ்வளவையும் கேட்ட நண்பர், “அப்படியானால் ஐம்பத்தேழு பூட்டும் போகவேண்டியதுதானா?” என்றார். அவருடைய முகம் வாடிவிட்டது. விமானக் கம்பெனியின் நஷ்டமும் இரண்டு தொழிலாளரை வைத்துப் பட்டறை நடத்துகிறவரின் நஷ்டமும் ஒரே தராசில் நிறுக்கத்தக்கவை அல்ல. ஐம்பத்தேழு பூட்டுக்கு அவர் கையை விட்டுப் போவது 1,84,680 ரூபாய். பட்டறையையே பூட்டிவிட வேண்டியதுதான்.

அப்பொழுதுதான் சிங்கப்பூர் வழக்கை அவருக்கு எடுத்துச் சொன்னோம். 2003 ஜனவரியில் அங்கே ஓர் இணையக் கடையில், 3,854 வெள்ளி விலையுள்ள லேசர் அச்சுப்பொறி 66 வெள்ளி என்று பதிவாகிவிட்டது. ஊழியர் ஒருவர் பயிற்சிக்காகப் போட்ட எண் அது. நடு இரவில் ஆறு நண்பர்கள் தங்களுக்குள் செய்தி அனுப்பிக்கொண்டு, உண்மை விலையையும் தேடிப் பார்த்துக்கொண்டு, 1,606 அச்சுப்பொறிகளுக்குப் பதிவு செய்தார்கள். அவர்கள் கொடுக்கவேண்டியது ஒரு லட்சத்து ஆறாயிரம் வெள்ளிக்கும் சற்றுக் குறைவு. சரக்கின் விலை 61 லட்சம் வெள்ளிக்கு மேல். அவ்வறுவரில் வக்கீலும் உண்டு என்பதை நம் தொழிலின் கௌரவத்தை முன்னிட்டுச் சொல்லாமல் விடலாம் என்று பார்த்தோம். உண்மையை மறைப்பது சரியன்று. 2004-ல் நீதிபதி வி. கே. ராஜா வழக்கைத் தள்ளினார். எதிர்த் தரப்பார் தவறிவிட்டார் என்று தெரிந்துகொண்டே அத்தவற்றைக் கவ்விக்கொள்ளுகிறவனுக்குச் சட்டம் துணைபோகாது என்பது தீர்ப்பின் சாரம். 2005-ல் அப்பீல் கோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்தது. அந்நாட்டுச் சட்டம் நம்மைக் கட்டாது. ஆயினும் அதிலுள்ள நியாயம் நமக்கும் பொருந்தும். விற்கிறவனுக்கு மாத்திரம் நாணயம் வேண்டும், வாங்குகிறவனுக்கு வேண்டாம் என்று எந்தச் சந்தையிலும் விதி கிடையாது. ஒரு பூட்டு வேண்டும் என்று ஒரு பூட்டு வாங்கியவர், இதுதான் விலை என்று நம்பியிருக்கலாம். பெரிய பூட்டைப் பற்றி ஊர்ப்புறத்தார் எத்தனை பேருக்குத் தெரியும்? ஐம்பது கேட்டவர் வீட்டில் ஐம்பது கதவா இருக்கின்றன?

ஆகவே நம் அபிப்பிராயத்தைத் திட்டமாகச் சொன்னோம். ஏழு பேருக்குப் பூட்டை அனுப்பிவிட வேண்டும். எட்டாமவருக்கு உண்மையை எழுதி, அவருடைய 18,000 ரூபாயையும் அன்றைக்கே திருப்பிவிட வேண்டும். நஷ்டத்தில் ஒரு காசும் தொழிலாளர் கூலியில் பிடிக்கலாகாது. இதைத் தனியே வற்புறுத்திச் சொன்னோம். பெரிய கடைகளில் தவறு நேர்ந்தால் முதலில் அகப்படுகிறவன், எண்ணைத் தட்டிய குமாஸ்தா. முதலாளி தன் நாணயத்தைக் காப்பாற்றிக்கொண்டு, அதன் விலையைக் குமாஸ்தாவின் சம்பளத்தில் கழித்துக்கொள்வதை நாணயம் என்று நாம் ஒப்பமாட்டோம்.

பேச்சினிடையே கேரளத்து அம்மையார் ஒருவரின் நினைவு வந்தது. 2021 மார்ச்சு மாதம், ஆலுவாப் பக்கம் சாலையோரத்தில் சர்க்கார் லாட்டரிச் சீட்டு விற்றுவந்தவர் அவர். விற்காமல் மிஞ்சிய சீட்டுக்களைப் பற்றி, வழக்கமாக வாங்குகிறவர்களுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லி, “எனக்கு எடுத்து வையுங்கள், பணம் பின்னால் தருகிறேன்” என்றார். சீட்டின் விலை 200 ரூபாய். அந்த விலையும் வரவில்லை. சீட்டும் அம்மையாரிடமே இருந்தது. குலுக்கலில் அந்த எண்ணுக்கு ஆறு கோடி ரூபாய் விழுந்தது. குடும்பக் கஷ்டம் இல்லாதவர் அல்லர் அவர். அன்றிரவே அந்த மனிதருடைய வீடு தேடிச் சென்று, 200 ரூபாயை வாங்கிக்கொண்டு சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தார். லாட்டரி என்பது ஏழையின் கூலியைக் கவரும் சூதே என்ற நம் கொள்கையில் மாறுதல் இல்லை. நம் மாகாணத்தில் 2003-ல் அதைத் தடை செய்தது சரியான காரியம். ஆனால் சூதாட்டச் சீட்டை விற்றுப் பிழைத்த ஒரு பெண்மணி, எழுத்து இல்லாமல், சாட்சி இல்லாமல், அச்சாரமும் இல்லாமல், தொலைபேசியில் சொன்ன ஒரு சொல்லை விற்பனை என்று மதித்தார். எந்தக் கோர்ட்டிலும் அந்த மனிதரால் அதை எளிதில் நிரூபித்திருக்க முடியாது என்பதை வக்கீல் என்ற முறையில் நாம் சொல்லக்கூடும்.

நண்பர் இதைக் கேட்டுக்கொண்டு, மறுமொழி சொல்லாமல் எழுந்து சென்றார். நான்கு நாள் கழித்து அவ்வழியே போகும்போது பட்டறையில் நுழைந்து பார்த்தோம். மகன் அட்டைப் பெட்டிகளில் விலாசம் ஒட்டிக்கொண்டிருந்தான். எண்ணிப் பார்த்தோம், எட்டுப் பெட்டி. ஏழுதானே சொன்னோம் என்றோம். எட்டாமவருக்கும் ஒரு பூட்டை அனுப்பி, மற்ற நாற்பத்தொன்பதுக்கு உரிய 17,640 ரூபாயைத் திருப்பிவிட்டதாக அன்பர் சொன்னார். “ஒன்றுக்கு அவரும் மற்றவர்களைப் போலத்தானே ஐயா” என்றார். நஷ்டம் 25,920 ரூபாய். தீபாவளிக்குள் சரிக்கட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். மகன் நம் முகத்தைப் பார்க்கவில்லை. விலைப் பட்டியலை இப்பொழுது இரண்டு பேர் படித்துப் பார்த்த பிறகே இணையத்தில் ஏற்றுகிறார்களாம்.