சறுக்கும் காருக்கும் களம் வேண்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் பழைய காரைப் பிரித்து மாட்டிப் பழகும் நம் பிள்ளைகள் சிலருக்கு 'டிரிஃப்ட்' மீது ஆசை. பின் சக்கரங்களைச் சறுக்க விட்டு, முன் சக்கரங்களால் திசை காத்து வளைவைக் கடக்கும் வித்தை அது.

இதற்குப் பின்சக்கரம் இழுக்கும் கார் வேண்டும். அம்பாசிடர், கான்டெசா அவ்வகை; மாருதி 800 அல்ல. டிஃபரன்ஷியலைப் பற்றவைத்து இரு பின் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைப்பார்கள். அப்புறம் அந்தக் கார் சாலைக்கு உதவாது. திருப்பம்தோறும் டயர் தேயும், ஆக்சிலுக்கும் ஆபத்து. பதிவுச் சான்றுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் தடுக்கிறது.

சோதிக்கும்போது ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். டயர்க் காற்று, சஸ்பென்ஷன் இரண்டையும் சேர்த்து மாற்றினால் குறை எதிலென்று தெரியாது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் ரேடியேட்டர் சூடு, பிரேக் எண்ணெய், சக்கர நட்டுகளைப் பார்ப்பது அவசியம்.

கோவை எஸ். கரிவரதன் மாருதி உறுப்புகளைக் கொண்டு குறைந்த செலவில் பந்தயக் கார் செய்தவர். அந்த 'ஃபார்முலா மாருதி'யில் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார். 1995இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன் பெயரில் கோவை செட்டிபாளையத்தில் 2003 முதல் ஓடுதளம் உள்ளது.

காரை வீட்டு முற்றத்தில் செய்யலாம். சோதனை அத்தகைய களத்தில்தான். கரமனை – களியக்காவிளை நெடுஞ்சாலை நம் குழந்தைகள் பள்ளிக்குப் போகும் வழி. பெற்றோர் ஆசையைத் தடுக்க வேண்டாம். இடத்தை மட்டும் காட்டுங்கள்.