வெள்ளைப் புள்ளி

களுவாஞ்சிக்குடி அன்பர் ஒருவர், தம் கந்தோரில் தூசி படிந்து கிடக்கும் தட்டச்சுப் பொறியில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என மூன்று புள்ளிகள் இருப்பதாகவும், முன்னிரண்டும் நாடாவின் நிறங்கள் என்று விளங்கிய தமக்கு மூன்றாவதன் தாற்பரியம் விளங்கவில்லையென்றும் எழுதியிருக்கிறார்.

வெள்ளைப் புள்ளிக்கு நெம்பை நகர்த்தினால் நாடா மேலெழும்பாமல் தங்கிவிட, எழுத்தச்சு நேராகத் தாளில் அறையும். மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைச் செருகி இவ்வாறு தட்டுங்கால், எழுத்து விழுந்த இடத்தில் மெழுகு விலகி மெல்லிய இழை மாத்திரம் எஞ்சுகிறது. பின்னர் றோணியோ என்னும் பிரதியெடுக்கும் பொறியின் உருளையிலே அதைச் சுற்றிச் சுழற்றும்போது அவ்விழையினூடே மை கசிந்து, கீழே ஓடும் தாளில் பதிகிறது. நாடா குறுக்கே நின்றால் அடியின் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ள, மெழுகு செவ்வையாக விலகாது, பிரதி மங்கும். ஹங்கேரியிற் பிறந்து லண்டனிற் குடியேறிய டேவிட் கெஸ்டெட்னர் 1881 இல் காப்புரிமை பெற்ற சக்கர எழுதுகோலில் தொடங்கி வளர்ந்த இக்கலையினாலன்றோ, நம் பரீட்சை வினாத்தாள்களும் சங்க அறிக்கைகளும் நெடுங்காலம் பெருகின!

இத்தனையும் பொறியோடு வந்த கையேட்டில் இருந்த விஷயமே. ஆயினும், கந்தோர்ப் பதிவேட்டிலே பொறிக்கு ஓர் இலக்கம் உண்டு, கையேட்டுக்கு இல்லை. 1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி மட்டக்களப்பிலே கூரைகளைப் பிடுங்கிக் கடதாசிகளை நனைத்தது. வாவிக் காற்றின் ஈரமும் கறையானும் தம் பங்குக்கு அழித்தன. அவற்றைப் பொறுக்கலாம். டைப்பிஸ்ட் ஓய்வுபெற்ற மறுநாளே இலாச்சியைத் துப்புரவாக்குவதாகச் சொல்லிக் கையேட்டைக் குப்பையிலே சேர்ப்பதைப் பொறுக்க என் மனம் இடந்தரவில்லை.

அன்பர் செய்யவேண்டியது இது: பொறியின் பெயரையும், உருளை வண்டியை ஒருபுறம் ஒதுக்கினால் பல பொறிகளில் சட்டத்தின்மீது தென்படும் தொடரிலக்கத்தையும் குறித்துக்கொண்டு, பழைய தட்டெழுத்துப் பாடசாலைகளிலும் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் வீடுகளிலும் விசாரிக்கட்டும், அதே மாதிரிப் பொறிக்குரிய கையேட்டின் எந்தப் பிரதியும் போதும். கிடைத்தபின், என் தாயார் காணி உறுதிகளை வசம்புத் துண்டோடு பெட்டகத்தில் வைத்துக் காத்ததுபோல், ஈரம் அணுகாத இடத்தில் மூலத்தை வைத்து, ஒரு நகலைப் பொறியருகே வைக்கட்டும். இன்று போட்டோப் பிரதி இயந்திரம் வாங்கும் கந்தோர்காரரும், அதன் கையேட்டுக்குத் தனி இலக்கமிட்டு இன்றைக்கே பதிவேட்டில் ஏற்றுமாறு வேண்டுகிறேன்.