பாடம் நடத்தாமல் பரீட்சை வைக்கலாமா?

பாசிர் கூடாங் தொழிற்பேட்டையில் எங்கு திரும்பினாலும் 'அவாஸ்' என்ற எச்சரிக்கைப் பலகை கண்ணில் படும். நமக்குப் புரிகிறது. நேற்று நேப்பாளத்திலிருந்து வந்திறங்கிய இளைஞனுக்குப் புரியுமா?

1977-இல் துறைமுகம் திறந்தபின் வளர்ந்த ஊர் இது. செம்பனை எண்ணெய், பெட்ரோகெமிக்கல், கப்பல் பட்டறை என்று ஆபத்தான வேலைகள் நிறைய. 2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டியதால் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அப்படிப்பட்ட நாளில் அறிவிப்பைப் படிக்கத் தெரியாதவன் என்ன செய்வான்?

சில ஆண்டுகளில் ஊர் திரும்பப் போகிறவனுக்கு எதற்குப் பாடம் என்பார்கள். ஜெர்மனியும் அப்படித்தான் நினைத்தது. 1955 முதல் 1973 வரை இத்தாலி, துருக்கி என்று ஆள் எடுத்தது. விருந்தாளித் தொழிலாளி என்று பெயர் வேறு! பலர் குடும்பத்தோடு தங்கிவிட்டார்கள். 2005-இல்தான் அந்நாடு ஒருங்கிணைப்பு வகுப்பைத் தொடங்கியது. இன்று அதில் மொழிக்கு மட்டும் 600 மணி நேரம். சட்டம், வரலாற்றுக்கு 100.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் தாத்தா பாட்டி கதையே இருக்கிறதே. பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923 தொழிலாளர் சட்டம். பால்மரம் வெட்டிய பெரியவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? குடியுரிமைக்கு மட்டும் மலாய்மொழி தெரிந்திருக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். அந்தத் தேர்வில் தேறாமல் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்கள் எத்தனை பேர்! 60 வயதைத் தாண்டிய 3,407 இந்தியர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அரசாங்கம் அறிவித்தது 2018-இல்தான். அதற்குள் எத்தனையோ பேர் கண்ணை மூடிவிட்டார்கள்.

இந்தக் கொடுமை இன்னொருவருக்கு நேர வேண்டாம். பன்னிரண்டு மணி நேரம் உழைத்தவனை இரவு வகுப்புக்கு அழைத்தால் தூங்கி விழுவான். வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு, வாரம் இரண்டு மணி நேரம் வேண்டும். இலக்கணம் பிறகு வரட்டும். முதலில் எச்சரிக்கைப் பலகை, சம்பளச் சீட்டு, கிளினிக்கில் நோயைச் சொல்லும் விதம். 'சாக்கிட்' என்று மட்டும் சொல்லத் தெரிந்தவனுக்கு எங்கே வலிக்கிறது, எப்போதிருந்து என்று சொல்லத் தெரிய வேண்டாமா? பல ஆண்டுகள் இங்கு உழைத்து மலாய் பழகிய அவன் நாட்டுக்காரரையே துணை ஆசிரியராக வைக்கலாம்.

பணம்? உற்பத்தித் துறைத் தொழிலாளிக்கான லெவி 2016-இல் ஆண்டுக்கு 1,850 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அந்த வசூலில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கச் சொல்லி நம் மக்கள் பிரதிநிதிகள் கேட்கலாமே.